கட்டியவரும் குத்தியவரும்

2009 ஜனவரி 24 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் ஷேன் மோஸ்லியுடன் மோதவிருந்தார் குத்துச்சண்டை வீரர் அந்தோனியோ மார்கரிட்டோ. அவர் கையில் சுற்றிய துணிக்குள் கெட்டியான திண்டு இருந்ததை மோஸ்லியின் பயிற்சியாளர் நசீம் ரிச்சர்ட்சன் கண்டுபிடித்தார். கட்டை அவிழ்த்துப் புதிதாகக் கட்டிய பிறகே சண்டை நடந்தது. பையில் கைவிட்டபோது தவறான துண்டு வந்துவிட்டது என்றார் முதலில் கட்டுப் போட்ட மார்கரிட்டோவின் பயிற்சியாளர் காபெட்டியோ. தனக்கு எதுவுமே தெரியாது என்றார் மார்கரிட்டோ. கலிபோர்னியா விளையாட்டு ஆணையம் இருவரின் உரிமத்தையும் ரத்து செய்தது.

தெரியாமல் செய்தவரைத் தண்டிப்பது நியாயமா? குத்துச்சண்டையில் இதற்குச் சட்டென்று பதில் சொல்ல முடியாது. 1983 ஜூனில் நியூயார்க்கில் லூயிஸ் ரெஸ்டோவின் கையுறைகளிலிருந்து பஞ்சை உருவியிருந்தார் பயிற்சியாளர் பனாமா லூயிஸ். எதிரே நின்ற இளைஞர் பில்லி காலின்ஸின் கண் நிரந்தரமாகப் பழுதடைந்தது. அவர் மறுபடி மேடை ஏறவே இல்லை. பயிற்சியாளர், வீரர் இருவரும் சிறை சென்றார்கள். பல ஆண்டுகள் 'எனக்குத் தெரியாது' என்று சொல்லிவந்த ரெஸ்டோ, பிறகு தெரிந்தே செய்ததாக ஒப்புக்கொண்டார். ஆகவே அந்தச் சொல்லை மட்டும் நம்பி ஆணையம் விட்டுவிட முடியாது. தன் கையில் என்ன இருக்கிறது என்பதைத் தொட்டுப் பார்க்கும் கடமை குத்துகிறவருக்கு உண்டு.

மாத்திரையைத் தொட்டுப் பார்த்து அறிய முடியுமா? 2011இல் இந்தியாவின் 400 மீட்டர் ஓட்ட வீராங்கனைகள் ஆறு பேர் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினார்கள். பயிற்சியாளர் யூரி ஒகரோத்னிக் தந்த ஜின்செங் என்ற மூலிகையே காரணம் என்றார்கள். முதலில் ஓராண்டாக இருந்த அவர்களின் தடையை, சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் 2012இல் இரண்டாண்டாக்கியது. பயிற்சியாளருக்கோ வேலை மட்டும் போயிற்று. சில ஆண்டுகளில் அவர் இந்திய முகாமுக்கே திரும்பினார். விழுங்கியவருக்கு இரண்டாண்டுத் தடை, பொறுப்பில் இருந்தவருக்குப் பணிநீக்கம். இந்தக் கணக்கு மனசாட்சிக்கு ஒத்துவரவில்லை.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், கல்வராயன் மலையின் வெள்ளிமலைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு பழங்குடிப் பிள்ளை விளையாட்டு விடுதியில் சேர்வதாக வைத்துக்கொள்வோம். வீட்டிலிருந்து மலை இறங்கிப் படிக்கப் போகும் முதல் ஆள் அது. ஷூ, சாப்பாடு, போட்டிக்குப் பெயர் கொடுப்பது எல்லாமே பயிற்சியாளர் கையில். அவர் நீட்டும் பொட்டலத்தை 'என்ன சார் இது?' என்று கேட்கும் துணிவு அதற்கு எங்கிருந்து வரும்? அந்தப் பிள்ளையையும் மார்கரிட்டோவையும் ஒரே தராசில் நிறுத்துவது கொடுமை.

இருந்தாலும் சோதனையில் சிக்கினால், அந்தப் பிள்ளை வென்ற பதக்கத்தைத் திருப்பிக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். நேர்மையாக ஓடித் தோற்ற இன்னொரு பிள்ளையும் இருக்கிறதே. தடைக்காலம் வேறு விஷயம். வீரருக்கு எவ்வளவு தெரிந்திருந்தது, மறுக்க எவ்வளவு இடமிருந்தது என்று பார்த்தே அதை விதிக்க வேண்டும். கொடுத்தவருக்கு வாங்கியவரைவிடக் குறைந்த தண்டனை எந்த நிலையிலும் கூடாது. விடுதியில் தரப்படும் ஒவ்வொரு மாத்திரைக்கும் மாவுக்கும் தேதி போட்டுப் பயிற்சியாளர் கையெழுத்திடும் பதிவேடு ஒன்று இருந்தால், விசாரணை நாளில் அந்தப் பிள்ளை வெறுங்கையோடு நிற்க வேண்டியிருக்காது.