கண்டதும் கருதியதும்

கொல்லிமலையில் வாழும் பழங்குடியினருக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்துக்கும் அவர்களுக்கும் தொடர்பில்லை. மலையில் வாழ்பவர் என்னும் பொருளில் வழங்கும் பெயர் அது. அவர்கள் பேசுவது தமிழே. தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்து குடியேறினர் என்பது அவர்களிடையே வழிவழியாக வரும் செய்தி. இருந்தும், அப்பெயரைக் கேட்ட மாத்திரத்தில் நம்மில் எத்தனை பேர் வேறொன்றை எண்ணிக்கொள்கிறோம்! அஃது ஆராய்ந்து கொண்ட கருத்தன்று. அழைக்காமலே வந்து அமர்ந்த கருத்து. உளவியலார் உள்ளுறைச் சார்பு என்று குறிப்பது இத்தகையதையே. பெயரளவில் நிற்குமாயின் தீங்கில்லை. ஒரு குழந்தையின் நடத்தையை அளந்து அதனிடம் குறை உண்டா என்று தீர்ப்பெழுதும் இடத்தில் அது புகுந்தால் என்ன நேரும் என்பதே நாம் சிந்திக்க வேண்டுவது.

நடத்தைப் பகுப்பாய்வு என்னும் துறை அமெரிக்க அறிஞர் ஸ்கின்னரின் ஆய்வுகளிலிருந்து வளர்ந்தது. மனத்துள் இருப்பதை ஊகிக்காதே. கண்ணால் கண்டதை எழுது. அதற்கு முன் நடந்ததையும் பின் விளைந்ததையும் குறித்துக்கொள் என்பதே அதன் முறை. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குப் பயிற்சி அளிப்போர் பலர் இதனைக் கையாளுகின்றனர். நிய்யத்தை இறைவன் அறிவான், மனிதன் செயலையே காண்கிறான் என்று கேட்டு வளர்ந்த நமக்கு இம்முறை உவப்பானதுதான். ஆயினும், எண்ணிக் கணக்கிட்டுவிட்டால் ஓரவஞ்சனை நுழையாது என்று நம்புவது பேதைமை. எதை எண்ணுவது என்று தேர்ந்தெடுத்தவரும் ஒரு மனிதரே அன்றோ?

மலைச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு தாய் தன் மகனை அழைத்துக்கொண்டு, எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து சமவெளிக்கு வருகிறாள் என்று கொள்வோம். அறைக்குள் அவன் தலைகுனிந்து நிற்கிறான். கேட்டதற்கு விடை கூறவில்லை. 'கண்ணோடு கண் நோக்கவில்லை' என்று படிவத்தில் ஏறுகிறது. எழுதியது பொய்யன்று. பெரியவர் முன் நிமிர்ந்து பார்ப்பது மரியாதைக் குறைவு என்று பழக்கப்பட்ட பிள்ளைக்கு அஃது அடக்கம். படிவத்துக்கோ அது குறை. கொல்லிப்பாவை தன் சிரிப்பாலேயே கொல்வாள் என்பது பழங்கதை. அந்தச் சிரிப்புக்குப் பொருள் சொன்னவர்கள் மலைக்குக் கீழே நின்றவர்களாகத்தான் இருக்க வேண்டும்!

இச்சார்பு எதிர்த்திசையிலும் வெட்டும். அதே சிறுவனுக்கு உண்மையிலேயே ஆட்டிசம் இருக்கலாம். 'மலைப் பிள்ளை, கூச்சப்படுகிறான். போகப் போகச் சரியாகிவிடும்' என்று பரிவோடு சொல்லி அனுப்பிவிட்டால், பயிற்சி பெற வேண்டிய ஆண்டுகள் கழிந்துபோகும். இகழ்ச்சி மட்டுமே சார்பு என்று நினைப்பவர்கள் இந்தப் பரிவின் தீங்கைக் காண்பதில்லை. நம் கருத்தில், இரண்டனுள் இதுவே கண்டுபிடிக்க அரிதானது. ஏனெனில் இதற்காக எவரும் வருந்துவதில்லை.

1963ஆம் ஆண்டு ரோசன்தால், ஃபோட் என்னும் இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். சில மாணவர்களிடம் எலிகளைக் கொடுத்து, இவை புதிர்ப்பாதையை விரைந்து கற்கும் இனம் என்றனர். வேறு சிலரிடம், இவை மந்த இனம் என்றனர். எல்லாம் ஒரே வகை எலிகளே. கூரியவை எனப் பெயர் பெற்ற எலிகள் கூரியவையாகவே நடந்துகொண்டன என்று மாணவர்களின் கணக்கு காட்டிற்று. எலிக்கே இந்தக் கதியென்றால், பெயரோடும் சாதிச் சான்றிதழோடும் வரும் குழந்தைக்கு?

அளவுகோலும் ஓரிடத்தில் பிறந்ததே. எட்கார் டால் என்பவர் 1935இல் வைன்லாந்து சமூக முதிர்ச்சி அளவுகோலை வெளியிட்டார். பனிச்சறுக்கு வண்டியைப் பயன்படுத்துகிறானா, தொலைபேசியில் பேசுகிறானா என்பன அதன் மூலப் பட்டியலில் உள்ளவை. இந்தியாவுக்கேற்ப மாற்றிய வடிவத்தையே நம் நாட்டில் பயன்படுத்துகின்றனர். எனினும், வெள்ளப்பெருஞ்சாமையையும் கட்டவெட்டிச்சாமையையும் மல்லியச்சாமையையும் பிரித்தறியத் தெரிந்த பிள்ளைக்கு அதில் மதிப்பெண் இல்லை.

1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் பிறப்பைக் கொண்டே நடத்தையைத் தீர்மானித்தது. அஃது ஏட்டில் எழுதப்பட்ட சார்பு; ஆகவே 1952இல் நாடெங்கும் நீக்க முடிந்தது. எழுதப்படாததை எந்தச் சட்டமன்றம் நீக்கும்? நல்லெண்ணமும் போதாது, தம்மிடம் சார்பு உண்டென்று அறியாதவர் எதைத் திருத்திக்கொள்வார்? வேலை செய்யும் முறையில்தான் தடுப்பு அமைய வேண்டும். முந்தைய குறிப்பைப் படிக்குமுன் தான் கண்டதை எழுதிவிடுவது ஒன்று. ஒருவர் அறியாமல் மற்றொருவரும் எண்ணி, பின்பு இரு கணக்கையும் ஒப்பிடுவது மற்றொன்று. இத்துறையில் இது பழைய வழக்கமே. ஆனால் இருவரும் ஒரே ஊரிலும் ஒரே வகை வீட்டிலும் வளர்ந்தவர்களாயின், இரண்டு கணக்கும் ஒரே பிழையில் ஒத்துப்போகும். இரண்டாவது கண் மலையிலிருந்து வந்ததாக இருத்தல் வேண்டும்.

அந்தக் கண் அறைக்கு வெளியே பெஞ்சில்தான் அமர்ந்திருக்கிறது. வீட்டில் அவன் யாரிடம் பேசுவான், தம்பியைப் பார்த்துச் சிரிப்பானா, பெயரைச் சொன்னால் திரும்புவானா, எதற்கு அழுவான் என்பதெல்லாம் தாய்க்குத் தெரியும். அவள் சொல்வதும் முழுமையன்று. தாய்மைக்கும் சார்பு உண்டு. எனினும் அஃது அதிகாரியின் சார்பன்று. இரண்டையும் அருகருகே வைத்தால்தான் எது எவருடையது என்று தெரியவரும். நாம் கண்ட படிவங்களில் தாய்க்கென விடப்பட்டிருந்த இடம், அடியில் கைநாட்டு வைக்கும் அளவுக்கே இருந்தது.