கேட்காத காது

கிம் ஜீ-வூன் 2003ல் எடுத்த கொரியப் படம் 'எ டேல் ஆஃப் டூ சிஸ்டர்ஸ்'. பேய்ப்படம்னு நினைச்சுதான் உட்கார்ந்தேன். அலமாரிக்குள் தூக்கில் தொங்கும் தாயை இழுக்கிறாள் தங்கை சூ-யோன். அலமாரி அவள்மேல் சாய்கிறது. சத்தம் கேட்டு வந்த சித்தி பார்க்கிறாள், போய்விடுகிறாள். மனம் உறுத்தித் திரும்புகையில் அக்கா சூ-மி எதிர்ப்படுகிறாள். வாய்ச்சண்டை. சித்தி விஷயத்தைச் சொல்லவில்லை. அக்கா கோபத்தில் வெளியேறுகிறாள். தங்கச்சி செத்துப்போறா.

குற்றவாளி யாரு? தெரிந்தும் வாயை மூடியவள். ஆனால் சித்தம் கலங்குவதோ தெரியாதவளுக்கு. செத்த தங்கை கூடவே இருப்பதாக நம்புகிறாள். தானே சித்தியாகவும் மாறித் தன்னையே வதைக்கிறாள்.

படத்தின் வேர், ஜோசன் காலத்துச் சகோதரிகள் ஜாங்ஹ்வா, ஹோங்ரியோன் கதை. அதில் அக்காவைக் கெட்டுப்போனவள் என்று பழிசுமத்திக் குளத்தில் தள்ளிக் கொல்கிறார்கள். துக்கத்தில் தங்கையும் அதே குளத்தில் சாகிறாள். ஆவியாக அதிகாரிகளிடம் முறையிடப் போகிறார்கள். வந்தவனெல்லாம் பயந்தே சாகிறான். பயப்படாத ஒருத்தன் காதுகொடுத்துக் கேட்கிறான். கொலை வெளியே வருகிறது.

சூ-மியின் பாசம் அவளையே தண்டித்தது. அந்தச் சகோதரிகளின் பாசம் வாசலில் நின்று நியாயம் கேட்டது. நாம செத்தவங்களுக்காக அழுது நம்மையே நொந்துக்கிறோமா, இல்ல அந்த வாசலைத் தட்டுறோமா?