வயிற்றுவலி என்று எழுதியவர்கள்

தென்னூர் வீட்டுப் பரணிலிருந்து இறக்கிய தகரப் பெட்டியில், பத்திரங்களுக்கு நடுவே அந்தக் காகிதம் இருந்தது. 1957. தாத்தாவின் அக்கா கிணற்றில் இறந்ததற்கான பிரேத விசாரணை அறிக்கையின் நகல். அவர் காய்ச்சலில் போனதாகத்தான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள்.

வீடு பொய் சொல்லும், ஆவணம் சொல்லாது என்று நம்புகிற ஆள் நான். பிழைப்பே லாக் ஃபைல் படிப்பதுதான். ஆனால் மரணத்துக்கான காரணம் என்ற இடத்தில் இப்படி இருந்தது: தீராத வயிற்றுவலி தாங்காமல். செய்தித்தாளில் நாம் எத்தனையோ முறை வாசித்துவிட்டுத் தாண்டிப்போன அதே வயிற்றுவலி.

இங்கிலாந்தில் 1194 முதலே இதற்கு கொரோனர் என்று தனி அதிகாரி உண்டு. நம்மூரில், அப்போது நடப்பில் இருந்த 1898 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவுப்படி, போலீஸ்காரர் நேரில் வந்து, அக்கம்பக்கத்து மரியாதைப்பட்டவர்கள் இரண்டு பேராவது முன்னிலையில், பார்வைக்குத் தெரிகிற காரணத்தை எழுதுவார். அவர்களுக்குப் பஞ்சாயத்தார் என்று பெயர். எங்கள் காகிதத்தில் ஐந்து பேர், ஐந்தும் ஆண்கள். கடைசிக் கையெழுத்து தாத்தாவுடையது.

அப்போது அவருக்கு 22 வயது. வாழ்நாளில் யாரையும் அதட்டிப் பேசாத மனுஷன். ஏன் போட்டார்? அக்காவின் இரண்டு பெண் பிள்ளைகள் அந்த வீட்டில்தான் வளர்ந்தாக வேண்டும். உடம்பை அறுக்காமல் வாங்கிவிடலாம் என்றும் நினைத்திருக்கலாம். கருணையா, உடந்தையா? இரண்டும்தான் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு இஷ்டமில்லை. மனசில் கருணை இருந்திருக்கும். அந்தக் கையெழுத்து செய்த வேலை உடந்தை. சட்டமே இந்த மாதிரி கையெழுத்துகளை நம்பாமல், கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் ஒரு பெண் தற்கொலை செய்துகொண்டால் உடலை மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று திருத்தப்பட்டது 1983இல்.

இவ்வளவு தீர்ப்பு சொன்ன பிறகுதான் உறைத்தது, இந்தக் காகிதம் என்னுடையதே இல்லை. அந்தப் பெண் பிள்ளைகளில் மூத்த அத்தை ஸ்ரீரங்கத்தில் இருக்கிறார். எழுபது தாண்டிவிட்டது. காய்ச்சல் என்றே நம்பி வாழ்ந்திருந்தால்? அதைக் கலைக்க நான் யார்? மூன்று வாரம் பையிலேயே வைத்திருந்தேன். மறைத்தால் ஆறாவது கையெழுத்து என்னுடையதாகிவிடும் என்று தோன்றிய அன்று பஸ் ஏறினேன்.

அத்தை காகிதத்தைப் பார்த்து அதிரவில்லை.

"வயித்துவலின்னா எழுதிருக்கானுங்க?" என்றார்.

பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"மாமா கையெழுத்து எங்கடா இருக்கு? காட்டு."