குண்டு எங்கே விழும்?

தரையிலிருந்து 4,500 மீட்டர் உயரத்தில், நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில், கிடைமட்டமாக ஒரு விமானம் பறக்கிறது. அதிலிருந்து ஒரு குண்டு விடப்படுகிறது. அது தரையைத் தொட எவ்வளவு நேரம் ஆகும்? எங்கே விழும்?

முப்பது வருஷம் பதினோராம் வகுப்புக்கு இயற்பியல் நடத்தினேன். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதாத வருஷம் கிடையாது. காற்றின் தடையை விட்டுவிட்டு, புவியீர்ப்பு முடுக்கத்தைப் பத்து என்று வைத்துக்கொண்டால் விடை முழு எண்ணாக வந்து நிற்கும்: 30 நொடி, 3,000 மீட்டர். விமானம் திசை மாறாமல் போனால் அந்த அரை நிமிடமும் குண்டு அதற்கு நேர் கீழேயே இருக்கும் என்பதுதான் பாடத்தின் சுவையான இடம். அதைச் சொல்லும்போது பிள்ளைகளின் புருவம் உயரும். கீழே யார் இருக்கிறார்கள் என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. விடை காண அது தேவைப்படவில்லை.

1997-இல் திண்டுக்கல் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் இருந்தேன். இலங்கை அகதி முகாமிலிருந்து ஒரு பையன் வகுப்புக்கு வருவான். அவனும் கணக்கைச் சரியாகப் போட்டு நோட்டை நீட்டினான். நான் சரி போட்ட பிறகும் நகரவில்லை.

"சேர், இது மேல இருக்கிறவனுக்குத்தான் நேரா விழும். கீழ நிண்டு பார்த்தா சரிவாத்தான் வரும். பொம்மர் தலைக்கு மேல வந்து போட்டா எங்களுக்கு ஒண்டுமில்ல, தாண்டிப் போயிடும். வாறதுக்கு முதலே போட்டாத்தான் எங்களுக்கு."

அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பார்ப்பவன் எங்கே நிற்கிறான் என்பதைப் பொறுத்துப் பாதை மாறும். விமானத்தில் இருப்பவனுக்கு நேர்கோடு, தரையில் இருப்பவனுக்குப் பரவளையம். எல்லாப் புத்தகத்திலும் உள்ள செய்திதான். ஆனால் கீழே நின்று அதைப் படித்துவந்த ஒருவனை அன்றுதான் பார்த்தேன். சகடை, புக்காரா, கிபிர் என்று ஒவ்வொரு விமானத்தையும் சத்தத்தை வைத்தே பிரித்துச் சொல்வான். 1995 ஜூலை 9 அன்று நவாலி தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் மேல் குண்டு விழுந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அதைப் பற்றி நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. சொன்னது ஒன்றுதான்: "எங்கட காணி பலாலி ஏர்போர்ட்டுக்குள்ள போயிட்டுது, சேர்."

அந்த ஒரு வாக்கியத்துக்காகவே பலாலியைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படை அமைத்த ஓடுதளம் அது. படையின் ஏடுகளில் அதற்குக் காங்கேசன்துறை என்று பெயர். 1944-இல் 160-ஆம் படைப்பிரிவின் லிபரேட்டர் விமானங்கள் சிகிரியாவிலிருந்து அங்கே வந்தன. நான்கு இயந்திரம் பூட்டிய கனரகக் குண்டுவீச்சு விமானங்கள். சுமத்ராவையும் நிக்கோபாரையும் படம் எடுப்பது, ஜப்பானியக் கப்பல்கள் போகும் வழியில் கடற்கண்ணி போடுவது ஆகியவை அவற்றின் வேலை. மறுவருஷம் மின்னேரியாவுக்கு மாறினார்கள். 1945 மார்ச்சில் அங்கிருந்து கிளம்பிச் சிங்கப்பூர்க் கடலில் கண்ணிகளைப் போட்டுவிட்டுத் திரும்பினார்கள். போக வர 3,000 மைலுக்கு மேல். கீழே பெரும்பாலும் கடல். திருகோணமலையின் சீனன்குடாவிலிருந்து 1944 ஆகஸ்ட் 10 அன்று ஐம்பதுக்கு மேற்பட்ட அமெரிக்க பி-29 விமானங்கள் பாலெம்பாங் எண்ணெய் ஆலையைத் தாக்கப் புறப்பட்டன.

போனவர்கள் என் மாணவர்களைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர்கள். ஐரோப்பாவின் மேல் பறந்த பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையில் மட்டும் 55,000-க்கு மேற்பட்ட விமானிகள் இறந்தார்கள். நம் பக்கத்துக் கடலிலும் காட்டிலும் விழுந்து உடல் கிடைக்காமல் போனவர்களின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவிடத்துச் சுவர்களில் இருக்கின்றன. அந்தப் பையன்களை எளிதாகப் பாவிகள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் ஒரு கேள்வி இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக என்னை விடவில்லை. உயரம் ஏற ஏறப் பாவம் குறையுமா?

ஓய்வு பெற்றபின் கொடைக்கானலுக்கே திரும்பி வந்துவிட்டேன். சாயங்காலம் கோக்கர்ஸ் வாக்கில் நடப்பது வழக்கம். மழை விட்ட நாட்களில், வெயில் முதுகில் அடிக்க, எதிரே பள்ளத்தாக்கில் மஞ்சு கெட்டியாக ஏறி நின்றால் ஓர் அதிசயம் தெரியும். நம் நிழல் அந்த மஞ்சின் மேல் விழும். நிழலின் தலையைச் சுற்றி வானவில் நிறத்தில் ஒரு வட்டம், சாமி படத்தில் வரைகிற ஒளிவட்டம் போலவே. ஒருமுறை மாணவர்களைக் கூட்டிப் போயிருந்தபோது பெரிய சண்டையே வந்தது. "சார், என் தலைக்குத்தான் இருக்கு, இவனுக்கு இல்ல." "பொய் சார், எனக்குத்தான்!" இருவர் சொன்னதும் உண்மை. பனித்துளிகள் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்புவதால் அவரவர் கண்ணுக்கு அவரவர் தலையைச் சுற்றி மட்டுமே அது தெரியும். பக்கத்தில் தோள் உரசி நிற்பவனின் நிழலும் அங்கே விழுந்திருக்கும். அவன் தலைக்கு வட்டம் இருக்காது.

மேகத்துக்கு மேலே பறக்கும் விமானிகளுக்கு இது பழகிய காட்சி. விமானத்தின் நிழல் மேகத்தில் விழும்போது அதைச் சுற்றி அதே வட்டம் தெரியும். மேகம் கிட்டத்தில் இருந்தால், மூக்கில் படுத்திருக்கும் குண்டுவீச்சாளனுக்கு நிழலின் மூக்கிலும், வாலில் உட்கார்ந்திருக்கும் துப்பாக்கிக்காரனுக்கு வாலிலும் அதன் மையம் இருக்கும். இதை மாணவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோதே எனக்கு உடம்பு சிலிர்த்தது. போருக்குப் போன எல்லாத் தரப்புக்கும் தன் தலையில் மட்டும் ஒரு வட்டம் தெரிந்திருக்கிறது.

கீழே நின்றவர்களில் என் அப்பாவும் ஒருவர். 1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் விசாகப்பட்டினத்தையும் தாக்கின. சென்னை நகரமே காலியானது. ஜப்பான்காரன் கரையிறங்கினால் சென்னையிலிருந்து கொச்சிக்குத் தப்பிப் போக மலைமேல் ஒரு வழி வேண்டும் என்று பேரிஜம் வழியாக மூணாறு போகும் பாதையைச் செப்பனிட்டார்கள். எஸ்கேப் ரோடு என்ற பெயர் அப்படித்தான் வந்தது. அப்பாவுக்கு அப்போது இருபது வயசு. வந்தராவு பக்கம் சாக்கைத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு ஜல்லி சுமந்திருக்கிறார். மேலே ஏதாவது இரைந்தால் கூடையைப் போட்டுவிட்டுச் சோலைக்குள் ஓடுவார்களாம். குண்டு கடைசிவரை வரவில்லை. ஆனாலும் சாகும்வரை விமானச் சத்தம் கேட்டால் அவர் பேச்சு ஒரு கணம் நிற்கும். பறந்து போனவனுக்கு அந்த ஒரு கணத்தைப் பற்றி என்ன தெரியும்?

குருக்ஷேத்திரத்தில் அர்ச்சுனன் முதலில் கேட்டது உபதேசம் அல்ல. இரண்டு சேனைக்கும் நடுவே தேரை நிறுத்தச் சொன்னான். யாரோடு போரிடப் போகிறேன் என்று பார்க்க வேண்டும் என்றான். பாட்டனையும் ஆசிரியரையும் பார்த்தான். வில் நழுவியது. கீதையின் உபதேசம் முழுவதும் அந்தப் பார்வைக்குப் பின்னால்தான் வருகிறது. முகம் பார்த்துத் தவித்தவனுக்குச் சொன்ன பதிலை, முகமே பார்க்காதவன் தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்ள முடியுமா? முடியாது என்றே நினைக்கிறேன். கடமையைச் செய் என்ற சொல்லுக்கு முன்னால் அந்தத் தேர் நிற்க வேண்டும். லிபரேட்டரை நடுவில் நிறுத்த வழியில்லை. குண்டுவீச்சாளன் குப்புறப் படுத்துக் கண்ணாடி வழியே பார்த்தது ஆற்றின் வளைவையும் பாலத்தின் கோட்டையும்தான்.

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சயாம் ரயில்பாதை போட ஜப்பானியர் மலேயாத் தோட்டங்களிலிருந்து நம் ஆட்களை ஆயிரம் ஆயிரமாகக் கொண்டுபோனார்கள். காலராவிலும் பட்டினியிலும் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். அந்தப் பாதையை உடைக்க 1945-இல் காஞ்சனபுரிப் பாலங்களின் மேல் குண்டு போட்டவையும் லிபரேட்டர்கள்தான். அந்தக் கொடுமை முடிய யாராவது எதையாவது செய்தாக வேண்டியிருந்தது. அதே பாதையோரம் அந்தக் குண்டுகளுக்கே பலியான கைதிகளும் கூலிகளும் உண்டு. மீட்க வந்ததும் கொல்ல வந்ததும் ஒரே இரைச்சலோடு வந்தன. வள்ளுவரும் கொல்லாமையைத் துறவறத்தில் வைத்துவிட்டு, படைச்செருக்கைப் பொருட்பாலில் வைத்தார். ஒன்றைச் சொல்லி மற்றதை அழிக்கவில்லை. ஆனால் அந்தப் படைச்செருக்கில் நிற்கும் வீரன் எதிரியின் வேல் எட்டுகிற தூரத்தில் நிற்கிறான்.

லெனார்ட் செஷையர் என்ற விமானியை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். விக்டோரியா கிராஸ் வாங்கியவர். 1945 ஆகஸ்ட் 9 அன்று நாகசாகியில் அணுகுண்டு விழுந்ததைப் பிரிட்டனின் பார்வையாளராக வேறொரு விமானத்திலிருந்து தொலைவில் இருந்தபடி பார்த்தவர். 1948-இல் கத்தோலிக்கர் ஆனார். அதே வருஷம், போக்கிடமில்லாமல் சாகக் கிடந்த ஒருவரைத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்து தானே பணிவிடை செய்தார். அதிலிருந்துதான் செஷையர் இல்லங்கள் தொடங்கின. அவர் நம் நாட்டுக்கும் வந்தார். மும்பையில் இல்லம் எழுந்தது, டேராடூனில் எழுந்தது, சென்னையிலும் கோவையிலும் உண்டு. ஆனால் நாகசாகி தவறு என்று அவர் சொல்லவில்லை. அந்தக் குண்டுதான் போரை முடித்தது என்றே கடைசிவரை வாதாடினார். வெகுநாள் இது எனக்கு உறுத்தலாக இருந்தது. இப்போது வேறு மாதிரி படுகிறது. வாயால் அவர் தன் வட்டத்தை விடவில்லை, கையால் விட்டுவிட்டார். மலம் துடைக்கும் தூரத்துக்கு ஒரு மனிதனிடம் இறங்கி வந்தார். அதைப் பிராயச்சித்தம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவர் இறங்கி வந்தார், அவ்வளவே சொல்ல முடியும்.

எங்கள் முருகன் போர்க்கடவுள். திருச்செந்தூரில் சூரனை வென்றவன், அவனை இல்லாமல் ஆக்கவில்லை. மயிலாகவும் சேவலாகவும் கூடவே வைத்துக்கொண்டான். எதிரியின் முகத்தைப் பார்த்தவனுக்குத்தான் அது முடியும். பழனியிலோ அதே சேனாபதி ஆண்டியாக, கோவணத்தோடு, கையில் தண்டோடு நிற்கிறான். சின்ன வயசில் பாட்டி சொன்ன கதையில் எனக்குப் பிடிபடாத இடம் ஒன்று உண்டு. மயில் மேல் ஏறி உலகம் பூராவும் பறந்து சுற்றி வந்தவனுக்குப் பழம் இல்லை. கீழேயே இருந்து அம்மையப்பனைச் சுற்றி வந்த பிள்ளையாருக்குப் பழம். இதென்ன நியாயம் பாட்டி என்று அழுதிருக்கிறேன். அவள் பதில் சொல்லாமல் என் தலையைத் தடவினாள்.

போன தைப்பூசத்துக்கு முந்தின நாள் குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் போயிருந்தேன். மஞ்சு விலகி இருந்தது. அங்கிருந்து பார்த்தால் பழனி மலை காலுக்குக் கீழே, வயலுக்கு நடுவில் கவிழ்த்து வைத்த கொட்டாங்கச்சி அளவில் தெரியும். திண்டுக்கல்லிலிருந்தும் மதுரையிலிருந்தும் பாதயாத்திரைக் கூட்டம் அந்தச் சமவெளியில் எங்கோ நடந்துகொண்டிருந்தது. கண்ணை இடுக்கிப் பார்த்தும் ஒருவர்கூடத் தெரியவில்லை. மலையும் குளமும் சாலைக் கோடும் அவ்வளவு சுத்தமாக, அவ்வளவு அழகாக இருந்தன. என்னை அறியாமல் மனசு உயரத்தைக் கணக்குப் போட ஆரம்பித்தது. கிட்டத்தட்ட 1,700 மீட்டர், பதினெட்டு நொடி.

அங்கே நிற்க முடியவில்லை. பஸ் பிடித்துக் கீழே இறங்கினேன். இருட்டும் நேரத்தில் அடிவாரத்தில் இறங்கியபோது பன்னீரும் திருநீறும் வேர்வையும் கலந்த வாடை. படியேற ஆரம்பித்தேன். எனக்கு முன்னால் ஓர் அம்மாள், காலில் கொப்புளத்துக்குத் துணி சுற்றிக்கொண்டு, படிக்குப் படி கையை ஊன்றி ஏறிக்கொண்டிருந்தார். தோளில் மொட்டையடித்த பேரன், சந்தனம் காய்ந்த தலை, வாய் திறந்தபடி தூக்கம். "தம்பி, இவனைக் கொஞ்சம் புடிங்க" என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் பிள்ளையை என் கையில் கொடுத்தார்.