பழைய வண்டிதான், பயம் எதற்கு?

“பழைய லோடு வண்டியா? சம்பாதிக்கிறதெல்லாம் ஒர்க்‌ஷாப்புக்கே போயிடும்!” டீக்கடையில், வண்டி ஸ்டாண்டில், சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில், எங்கே போனாலும் இந்தக் குரல் உன்னை மறித்து நிற்கிறது. தம்பி, அடுத்தவர் பிக்கப்பை வருடக்கணக்கில் ஓட்டுகிறவன் நீ. விடியுமுன் ஒட்டன்சத்திரம் சந்தையில் தக்காளிப் பெட்டி ஏற்றுவது நீ. கொட்டும் மழையில் கொடைக்கானல் மலையிலிருந்து லோடோடு இறங்குவது நீ. வாடகையை எண்ணி ஓனர் கையில் கொடுத்துவிட்டு, பேட்டாவோடு வீடு திரும்புவதும் நீதான். ஒரு வண்டியின் ஒவ்வொரு சத்தத்துக்கும் அர்த்தம் தெரிந்த உனக்கு, சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்றதும் கை ஏன் நடுங்குகிறது?

ரிப்பேர் வராத பழைய வண்டி கிடையாது. அதை முதலில் ஒத்துக்கொள். எந்த ரிப்பேர் வரும், வருவதற்கு முன் என்ன அடையாளம் காட்டும், எவ்வளவு பிடிக்கும் என்று தெரிந்துகொள். தெரிந்துகொண்டவனை எந்த டீக்கடைக் குரலும் மிரட்ட முடியாது.

இன்ஜினில் தொடங்கு. நீ போவதற்கு முன்பே விற்பவர் வண்டியை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், அன்றைக்கு விலை பேசாதே. “நாளைக்குக் காலையில வர்றேண்ணே, அதுவரை ஸ்டார்ட் பண்ணாம வைங்க” என்று சொல்லிவிட்டு வா. மறுநாள் பானெட்டைத் தொட்டுப் பார். ஜில்லென்று இருக்க வேண்டும். ஒரே செல்ஃபில் பிடிக்கிறதா என்று கவனி. பிறகு சைலன்சரைப் பார். நீலப் புகை நிற்காமல் வந்தால் இன்ஜின் ஆயில் குடிக்கிறது. ரிங், வால்வு, டர்போ இவற்றில் ஏதோ ஒன்று தேய்ந்திருக்கிறது. மேட்டில் கறுப்பாகக் கக்கினால் காற்று போதவில்லை, அல்லது இன்ஜெக்டர் டீசலை அதிகமாக விடுகிறது. ஏர் ஃபில்டரை மாற்றினாலே தீர்ந்துவிடும் வண்டிகளும் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினில் ஆயில் மூடியைத் திறந்து பார். புகை குபுகுபுவென்று அடித்தால் அதுதான் பேக் கம்ப்ரஷன். முழு இன்ஜின் வேலை வாசலில் நிற்கிறது. அந்த வேலைக்கு இன்றைய நிலவரத்தில் தோராயமாக 60,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சம் வரை ஆகும். பம்ப், டர்போ சேர்ந்தால் அதற்கும் மேலே போகும்.

இதைக் கேட்டு ஓடிவிடாதே! அந்தத் தொகையை விலையில் இறக்கிக் கேள். குறை தெரிந்து வாங்குகிறவனுக்கு அந்தக் குறையே பேரம் பேசும் பலம். தெரியாமல் வாங்குகிறவனுக்குத்தான் அது கடன்.

சூடாகும் வியாதியைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வெயிலில் பழைய டீசல் வண்டிகளைக் கொல்வது அதுதான். ரேடியேட்டர் ஹோஸ் ஒன்று வெடிப்பு விடுகிறது. தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் குறைகிறது. மீட்டரில் முள் ஏறுகிறது. “இன்னும் பத்து கிலோமீட்டர்தானே” என்று டிரைவர் மிதிக்கிறார். சூட்டில் சிலிண்டர் ஹெட் வளைகிறது, கேஸ்கெட் போகிறது, தண்ணீரும் ஆயிலும் கலந்து பால் டீ நிறத்துக்கு வருகின்றன. சில நூறு ரூபாய் ஹோஸில் முடிந்திருக்க வேண்டியது, ஹெட்டைக் கழற்றி லேத்தில் ஃபேசிங் போட்டு மாட்டும் 15,000, 20,000 ரூபாய் வேலையாகிறது. அப்போதும் கவனிக்காவிட்டால் முழு இன்ஜின் வேலை! இதில் விதி எங்கே வந்தது? முள் ஏறிய அந்த நிமிடத்தில் வண்டியை ஓரம் கட்டியிருந்தால் முடிந்தது கதை. (சூடான ரேடியேட்டர் மூடியை மட்டும் எந்த அவசரத்திலும் திறக்காதே, முகம் வெந்துவிடும்.) அப்படி ஓரம் கட்டுகிற ஆள் நீ என்றால், பழைய வண்டி உனக்குத் துணையாக இருக்கும்.

அடுத்தது வண்டிக்கு அடியில் படுத்துப் பார்ப்பது. சட்டை அழுக்காகட்டும். அளவுக்கு மேல் லோடு ஏற்றிய வண்டியின் பாவம் சேஸிஸில் எழுதியிருக்கும்: பின் ஸ்பிரிங் மாட்டும் இடத்தில் வெல்டிங் தழும்பு, புதுப் பெயிண்ட், ஒரு பக்கம் சாய்வு. சேஸிஸில் விரிசல் இருந்தால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். இந்த ஒன்றில் மட்டும் பேரமே பேசாதே, எழுந்து வந்துவிடு. மற்றவை எல்லாம் தாங்கக்கூடிய செலவுதான். கிளட்ச் செட் கூலியோடு சுமார் பத்தாயிரம் ரூபாய், நான்கு டயர் 25,000 முதல் 30,000 வரை, பேட்டரி ஆறேழாயிரம். ஸ்பிரிங் பட்டை ஒன்றிரண்டு மாற்றுவது, ஜாயின்ட் கிராஸ், பிரேக் லைனிங் இவை ஆயிரங்களில் முடியும். ஊருக்கு ஊர், மெக்கானிக்குக்கு மெக்கானிக் மாறும். உன் ஊர் விலையை நீயே நாலு கடை ஏறி விசாரித்து எழுதி வை.

2020 ஏப்ரலுக்குப் பிறகு பதிவான வண்டி என்றால் அது அநேகமாக பி.எஸ்.6. டீசலில் பெரும்பாலும் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் இருக்கும். ஊருக்குள்ளேயே நின்று நின்று ஓடினால் அது அடைத்துக்கொள்ளும். மாற்றும் செலவு பல பத்தாயிரம். ஆகவே உன் ஓட்டம் தெருத்தெருவாகத் தண்ணீர் கேன் இறக்குவதா, நெடுஞ்சாலையில் காய்கறி ஓட்டுவதா என்று பார்த்து வண்டியைத் தேர்ந்தெடு.

இப்போது பணம். கையில் நாலு லட்சம் இருந்தால் நாலு லட்சத்துக்கு வண்டி வாங்குகிறவன்தான் ஆறாவது மாதம் ஒர்க்‌ஷாப்பில் உட்கார்ந்து அழுகிறான். நீ மூன்றே கால் லட்சத்துக்கு வாங்கு. மீதி 75,000 ரூபாயைத் தொடாதே, அது முதல் வருட ரிப்பேருக்கு. ஓடத் தொடங்கிய நாளிலிருந்து கிலோமீட்டருக்கு மூன்று ரூபாய் தனியாக எடுத்து வை. மாதம் 3,000 கிலோமீட்டர் ஓடினால் 9,000. வருடத்துக்கு ஒரு லட்சத்து எட்டாயிரம். இன்ஜினே கையை விரித்தாலும் நீ வட்டிக்காரர் வாசலுக்குப் போக வேண்டியதில்லை. டியூவும் டீசலும் போலத்தான் இந்த மூன்று ரூபாயும். இதைக் கட்டியது போக மிச்சம் நிற்கும் வாடகைக்கு மட்டும் வண்டியை எடு. கட்டுப்படியாகாத வாடகையை வேண்டாம் என்று சொல்ல உனக்கு வாய் இருக்கிறது!

ஓவர்லோடு ஏற்றி ஈடுகட்டலாம் என்று மட்டும் நினைக்காதே. 2019 திருத்தத்துக்குப் பிறகு சட்டப்படி அபராதம் 20,000 ரூபாய், கூடுதலாக ஏற்றிய ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. அதோடு பட்டையும் டயரும் உன் கணக்கில்தான் உடையும்.

பேப்பர் விஷயத்தில் வெட்கப்படாமல் கேள். “நம்ம பையன்தானே, அப்புறம் பாத்துக்கலாம்” என்று யார் சொன்னாலும் விட்டுக்கொடுக்காதே. எஃப்.சி. எதுவரை இருக்கிறது? எட்டு வயது தாண்டிய வண்டிக்கு வருடா வருடம் எடுக்க வேண்டும், அந்தச் செலவையும் கணக்கில் சேர். ஆன்லைனில் வண்டி நம்பரைப் போட்டு, கட்டாத அபராதம் இருக்கிறதா என்று பார். பைனான்ஸ் இருந்தால் படிவம் 35-உம் கடன் தீர்ந்ததற்கான தடையில்லாச் சான்றும் கைக்கு வரட்டும். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கு. பெயர் மாறும்வரை ஒரு தொகையை நிறுத்தி வைப்பதாக நேருக்கு நேர் பேசி, எழுதியும் வாங்கிக்கொள். அடுத்தவர் பெயரில் இருக்கும் வண்டியை இத்தனை வருடம் ஓட்டியது போதும். இந்த முறை ஆர்.சி.யில் உன் பெயர் ஏறிய பிறகுதான் முதல் லோடு!