உருண்டைக்குள் ஒரு கேள்வி

கால் கிலோ கொத்துக்கறி, ஒரு கைப்பிடி பொட்டுக்கடலை மாவு, சின்ன வெங்காயம், சோம்பு, பச்சை மிளகாய். கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையில், தமிழ் வீடு ஒன்றில் ஞாயிறு காலை கோலா உருண்டை பிடிக்க இவ்வளவு போதும். மாவு கறியைப் பெருக்கிக் காட்டும். பணியாரக் கல்லில் சுட்டால் எண்ணெயும் மிச்சம், உடம்புக்கும் நல்லது.

சிக்கனம் சரி. உயிர்?

வள்ளுவர் ‘புலால் மறுத்தல்’ என்று ஓர் அதிகாரமே வைத்தார். தின்பதற்காக வாங்குவோர் இல்லையென்றால் விற்பதற்காகக் கொல்வோரும் இருக்கமாட்டார்கள் என்பது 256ஆம் குறளின் வாதம். அதன்படி, கறிக்கடைக் கத்தியில் வாங்குபவரின் கையும் இருக்கிறது.

பாலி நூல்களில் வரும் புத்தர் வேறு கோடு கிழித்தார். தனக்காகக் கொன்றதைப் பார்க்கவில்லை, கேட்கவில்லை, அப்படிச் சந்தேகமும் இல்லை என்றால் பிக்கு அந்த இறைச்சியை ஏற்கலாம். பிச்சைப் பாத்திரத்தில் விழுவதைத் தேர்ந்தெடுக்க அவருக்கு வழியில்லை.

இந்த விவாதம் தங்கவயலுக்கு அந்நியமல்ல. 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கிய அயோத்திதாசரின் இயக்கம் இங்கே மாரிக்குப்பத்திலும் வேரூன்றியது. தங்கச் சுரங்கத் தொழிலாளர்களில் பலர் அவர் நடத்திய ‘தமிழன்’ இதழைப் படித்தார்கள். 1907இல் தொடங்கியபோது அதன் பெயரே ‘ஒரு பைசாத் தமிழன்’.

2001இல் சுரங்கம் மூடிய பிறகு, விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். சந்தையில் காசு எண்ணி வாங்கும் அவர்கள் பிக்குவைப் போல ‘எனக்காகக் கொல்லவில்லை’ என்று சொல்லமுடியுமா? கறியைக் குறைத்துக் கடலையைக் கூட்டுகிற கை, பர்ஸை நினைத்து அதைச் செய்கிறது. வள்ளுவர் கேட்டது வேறு காரணத்துக்காக. ஆனாலும் கல்லில் ஒவ்வொரு குழியிலும் கறிக்குப் பதில் கொஞ்சம் கடலை வேகிறது.