மூத்த பிள்ளையின் அச்சம்

1995-ஆம் ஆண்டு, சுவிட்சர்லாந்து வானியலாளர்களான மிஷேல் மேயோரும் திதியே கெலோவும், கதிரவனையொத்த வேறொரு விண்மீனைச் சுற்றும் கோளை முதன்முதலாகக் கண்டறிந்தனர். கோளைக் கண்ணால் காணவில்லை. அதன் ஈர்ப்பால் விண்மீன் 4.2 நாள்களுக்கொருமுறை சற்றே அசைவதைக் கண்டனர். இன்று அறியப்பட்டுள்ள அத்தகைய கோள்கள் 5,000-க்கும் மேல்.

அவற்றில் எங்கேனும் அறிவுள்ள உயிர்கள் இருப்பின் மனித மாண்பு குறைந்துவிடுமோ என நாம் அஞ்சுகிறோம். இவ்வச்சம் விசுவாசத்தினின்று பிறந்ததன்று. இறைவனால் பல உலகங்களைப் படைக்க இயலாதென்ற கருத்தை 1277-லேயே பாரிஸ் ஆயர் கண்டித்தார். தம்பி பிறந்ததும் தாயன்பு பங்குபோயிற்றென விம்மும் மூத்த பிள்ளையின் அச்சமே இது.

நம் மாண்பு நாம் மட்டுமே இருப்பதால் வந்ததன்று. அன்பு செய்யப்படுவதால் வந்தது. பிறருக்கும் இடமுண்டென மகிழத் தெரியாத நெஞ்சம், அடுத்த வீட்டு அயலாரின் உயர்வையும் பொறுக்காது.